பதினேழாவது கால்

1

முதலில் கந்தகம் எரிந்த வாசனை வரும். அதன் முதுகில் ஏறிக்கொண்டு அலுமினியத் தூளின் உலோக வீச்சம். கடைசியில் கருகிய காகிதமும் அதில் ஒட்டியிருந்த பசையின் லேசான புளிப்பும். இந்த வரிசை மாறாமல் மூக்கில் ஏறிவிட்டால், நான் நிற்பது எந்த நாடானாலும் என் கால்கள் தாமாகச் செருப்பைக் கழற்றிவிடும். எங்கள் பக்கத்துப் பட்டாசு ஷெட்டுக்குள் செருப்போடு போகக் கூடாது. செருப்பாணி ஒன்று தரையில் உரசினால் போதும், பொறி பறந்துவிடும்.

சீனப் புத்தாண்டுக் காலை. பினாங்கில் நான் குடியிருப்பது ஒரு கடையின் மேல்மாடி. கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் சீனர் மாடியிலிருந்து தரை வரைக்கும் ஒரு சரத்தைத் தொங்கவிட்டுக் கொளுத்தினார். அது வெடித்து முடிந்தபோது கணுக்கால் அளவு சிவப்புக் காகிதம் குவிந்திருந்தது. நடுவில் நான் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து அவர் சிரித்தார். ஒவ்வொரு வருடமும் சிரிக்கிறார்.

மேலேயிருந்து என் மகள் மல்லிகாவின் குரல் வந்தது. "அப்பா, கதவச் சாத்திட்டு மேல வாங்க. புகையெல்லாம் உள்ள வருது."

சிவகாசியில் பிறந்தவள். மூன்று வயதில் கப்பலேறி, இப்போது பதினைந்து. வெடிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறாள். இங்கே ஆங்கிலப் பள்ளிக்கூடம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவள் பிறந்த ஊரைப் படிவங்களில் எழுதும்போதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்த்து, "அது எங்கே, மெட்ராஸா?" என்பார். பன்னிரண்டு வருடமாக ஆமாம் என்றே சொல்லி வருகிறேன். மெட்ராஸுக்கும் எங்களுக்கும் இடையில் ஓர் இரவு ரயில் ஓடுகிறது என்பதை எத்தனை மேசைகளிடம்தான் சொல்வது?

நாங்கள் வந்து பன்னிரண்டு வருடம் முடிந்தது அந்த வாரம்தான். கொண்டாட ஒன்றும் இல்லை. சட்டைப்பையில் அண்ணனின் கடிதம் இருந்தது. அதில் எனக்கு ஒரு வேலை வைத்திருந்தார்.

2

அண்ணன் பெயர் குருசாமி. தாயில்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. அது வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வானம் அதைப் பார்ப்பது அபூர்வம். அதனால் அண்ணன் சிவகாசிக்கு வந்து ஓர் அச்சகத்தில் கல்லில் படம் வரையும் வேலையில் சேர்ந்தார். பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற லேபிள்கள் அப்படித்தான் உருவாகும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். கல்லில் வரையும்போது இடம் வலமாக, வலம் இடமாக இருக்க வேண்டும். அப்போதுதான் காகிதத்தில் நேராக விழும். அண்ணன் கண்ணாடியை எதிரே வைக்காமலே வரைவார். அவர் கையில் கிளிகள் பிறந்தன, குழந்தைகள் பிறந்தன, தாமரைமேல் லட்சுமி பிறந்தாள். தீபாவளிக்கு நாடெங்கும் போய் வெடித்துச் சிதறினார்கள்.

கடிதம் இப்படி இருந்தது:

"ஏலே சுப்பையா, இங்கன எல்லாரும் சௌக்கியம். மழைதான் இல்ல. விசயத்துக்கு வாரேன். இந்தத் தீவாளி சீசனுக்கு முதலாளி ரோமாபுரின்னு பெரிய பெட்டி ஒண்ணு போடப் போறாரு. புதுசா ரோமாபுரிப் படம் ஒண்ணு வந்திருக்காம்ல. இங்கன அது வந்து சேர வருசமாகும். படம் வாரதுக்கு முந்தி பெட்டி கடையில இருக்கணும்ங்காரு. அங்க சீனாக்காரன் புத்தாண்டுக்கே போடுதானாம். போய்ப் பாரு. தேரு எப்படி இருக்கு, தொப்பி எப்படி இருக்கு, குதிரைக்கு எங்கெங்க வார் கட்டியிருக்கு, ஒண்ணு விடாம எழுது. முக்கியமா காலை எண்ணி எழுது. இந்தத் தடவ தப்பு வந்துச்சுன்னா கல்லு என் கையில இருக்காது. கல்லுக்குப் பதிலா போட்டோ பிடிச்சு அச்சடிக்க கேமரா செக்சன் போட்டாச்சு. மெட்ராசுல படிச்ச ஆளு ஒருத்தரு வந்திருக்காரு. கேமராவுக்குக் கால் தப்பாதுன்னு முதலாளி என் காதுபடச் சொல்லுதாரு. என்னைய லேபிள் எண்ணிக் கட்டுற எடத்துக்கு அனுப்பிருவாக. ஆடிக்குள்ள கல்லு முடியணும்."

கால் விஷயத்தை விளக்க வேண்டும். பதினாலு வருடத்துக்கு முன்பு அண்ணன் ஒரு தேர் லேபிள் வரைந்தார். நான்கு குதிரைகள் பூட்டிய ரோமாபுரித் தேர். குதிரைகளின் வேகத்தில் பார்ப்பவருக்கு மூச்சு வாங்கும். அந்த சீசனில் அந்தப் பெட்டிதான் அதிகம் போனது. எல்லாம் முடிந்த பிறகு வடக்கே இருந்து ஒரு வியாபாரி முதலாளிக்குக் கடிதம் போட்டார். நான்கு குதிரைக்குப் பதினாறு கால்தானே, இந்தப் படத்தில் பதினேழு இருக்கிறதே, மிச்சம் ஒன்று எங்களுக்கு இனாமா என்று கேட்டிருந்தார்.

அன்றிலிருந்து அச்சகத்தில் அவர் பெயர் பதினேழு கால் குருசாமி.

3

அந்தக் கால் எப்படி வந்தது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

விருதுநகர் ராவுத்தர் ஒருவர் டூரிங் கொட்டகை நடத்தினார். அந்த வருடம் அதைச் சிவகாசிக்கு வெளியே கொண்டுவந்து போட்டிருந்தார். அதில் ஒரு பழைய ரோமாபுரிப் படம். ஊர் ஊராக ஓடித் தேய்ந்து, மழை பெய்வதுபோலக் கோடு விழுந்த படம். பேச்சு முழுக்க ஆங்கிலம். ஆகவே திரைக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கோடு நின்று கதை சொல்வார். "இவந்தான் ராசா. ஆளு சரியில்ல. அந்தா நிக்கான் பாருங்க, அவன் நல்லவன். நல்லவனுக்கு இன்னும் அரை மணி நேரம் கஷ்டந்தான்."

நாங்கள் மணலில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி வெள்ளத்தாய் அப்போது ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அவளோடு அவள் ஷெட்டுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அண்ணன் ஒரு கழிவு லேபிளின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டு, பென்சிலும் கையுமாக இருந்தார். தேர்கள் ஓடின. கொட்டகையே எழுந்து குதித்தது. தேர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரோமாபுரியில் தீ வைத்தார்கள்.

பட்டாசு ஷெட்டில் முதல் நாளே ஒன்று சொல்லித் தருவார்கள். பொறி கண்ணில் பட்டால் என்ன ஏது என்று பார்க்காதே. எதையும் கையில் எடுக்காதே. பக்கத்து வாசல் எதுவோ அதன் வழியாக ஓடு. ஷெட்டுக்கு நான்கு பக்கமும் வாசல் வைப்பது அதற்காகத்தான். திரையில் முதல் கூரை பற்றி, சத்தம் படபடவென்று கிளம்பியதும் அண்ணிதான் முதலில் எழுந்தாள். அடுத்த நொடி அவள் ஷெட்டு மொத்தமும் எழுந்தது. அதைப் பார்த்து மற்றக் கம்பெனிப் பெண்களும் எழுந்தார்கள். வாசலைத் தேடவில்லை. நான்கு பக்கமும் படுதாவைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். கண் மூடித் திறப்பதற்குள் பாதிக் கொட்டகை வெறும் மணல். மணலில் முறுக்குப் பொட்டலங்கள்.

"அம்மா, அது படம்மா! ரோமாபுரிம்மா! எங்கம்மா ஓடுறீக?" என்று மைக்கில் கதறினார் கதை சொல்கிறவர்.

வெளியே ரோட்டில் அண்ணி பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது. அதற்கு முந்தைய வருடம் இதே மாதிரி நிஜமாகவே கூப்பிட்டபோது ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை.

கடைசிப் பெயரும் பதில் சொன்ன பிறகு யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அண்ணி மட்டும் உள்ளே வரவில்லை. படுதாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு விளிம்பிலேயே நின்றாள். எரிகிற ரோமாபுரியின் வெளிச்சம் அவள் முகத்தில் சிவப்பும் மஞ்சளுமாக அலைந்தது. நான் பார்த்தேன். அண்ணன் தலை குனிந்தபடி படம் வரைந்துகொண்டிருந்தார்.

ஓடியவர்கள் திரையை மறைத்ததால் எண்ணிக்கை தவறிவிட்டது என்பதுதான் அண்ணனின் விளக்கம். அண்ணிக்கு அது போதவில்லை. வருகிற போகிற விருந்தாளி ஒவ்வொருவரிடமும் சொல்வாள். "ஊரே உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுது. பொண்டாட்டி எங்கன போனா, இருக்காளா செத்தாளான்னு திரும்பிப் பாக்கணுமா இல்லையா? இந்த மனுசன் உக்காந்து குதிரைக்குக் கால் எண்ணிக்கிட்டு இருந்தாரு. அதயாவது ஒழுங்கா எண்ணினாரா?"

அண்ணன் செம்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவார்.

4

பினாங்குத் தியேட்டர் வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு விளம்பரம் வைத்திருந்தார்கள். நான்கு வெள்ளைக் குதிரைகள், உருவிய வாள், பின்னால் எரியும் நகரம். அங்கேயே நின்று கால்களை எண்ணினேன். பதினாறு. அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பியிருந்தால் இரண்டரை மணி நேரம் மிஞ்சியிருக்கும். ஆனால் விளம்பரத்தை நம்பிக் கல்லில் இறங்கக் கூடாது என்று அண்ணனே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

பகல் காட்சி. மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆங்கிலத்தை நான் வாசிப்பேன். அவர்கள் வாயிலிருந்து வருகிற வேகத்துக்கு என் காது ஓடாது. மனைவியையும் அழைத்தேன். "ரோமாபுரிக்காரன் வந்து நம்ம வீட்டுத் துணியக் காயப்போடுவானா? நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

புது நோட்டு, சீவிய பென்சில் இரண்டு. உட்கார்ந்தேன்.

ஒரு சக்கரவர்த்தி படுத்திருந்தார். எழுந்தார். சன்னலருகே போய் நின்றார். திரும்பி வந்து படுத்தார்.

"என்னம்மா சொல்றான்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலப்பா. யோசிக்கிறார்."

கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி கேட்டேன். "இப்ப?"

"இன்னும் யோசிக்கிறார்."

என் நோட்டில் எழுதினேன்: சக்கரவர்த்தி, சாம்பல் நிற அங்கி, சவரம் செய்யவில்லை. குதிரை, இதுவரை இல்லை.

போர் வந்தது. எப்படி வந்தது என்றால், கதவு திறந்து, உடம்பெல்லாம் தூசியோடு ஒருவன் உள்ளே வந்து, போர் முடிந்துவிட்டது என்றான். சக்கரவர்த்தி தலையசைத்தார். போர் அவ்வளவுதான். எழுபது எண்பது யானை வருமோ, எத்தனை ஈட்டி வருமோ என்று பென்சிலைப் பிடித்திருந்த விரல்கள் வலித்தன. ஒரு தலையசைப்பு! ஊரில் வாய்க்கால் தகராறு ஒன்று நடந்தால்கூட இதைவிட அதிகம் பார்க்கக் கிடைக்கும்.

இடைவேளைக்குச் சற்று முன்பு தேர் வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது, இருந்தது. அரண்மனைக் கொல்லையில் ஒரு சக்கரம் கழன்று சுவரில் சாய்ந்திருக்க, தேர் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அதன் தோல்வாரை ஓர் ஆடு மென்றுகொண்டிருந்தது. இனிமேல் சக்கரத்தை மாட்டுவார்கள், குதிரைகளைக் கொண்டுவருவார்கள் என்று நான் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தேன். யாரும் வரவில்லை. ஆடு மெல்வதை நிறுத்தி எங்களைப் பார்த்தது. விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

பிறகு தீ. இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. நகரம் எரிகிறது. எரிகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? சக்கரவர்த்தி சன்னலில் நிற்கிறார். அவர் முகம் சிவக்கிறது, மஞ்சளாகிறது, மறுபடி சிவக்கிறது. ஒரு கூரை இல்லை, ஒரு தூண் விழவில்லை, ஓடுகிற ஒரு மனிதர் இல்லை. சத்தத்தையும் எடுத்துவிட்டார்கள். சத்தமில்லாத தீ! எங்கள் பக்கத்தில் தீ என்றால் முதலில் சத்தம், வெளிச்சம் அதற்குப் பிறகுதான். ஒரு நகரத்தைக் கொளுத்தத் தெரியாதவர்களுக்கு ரோமாபுரி எதற்கு? சிவகாசியிலிருந்து நான்கு பேரைக் கூப்பிட்டிருந்தால் சிவப்புக்கு ஒரு மருந்து, மஞ்சளுக்கு ஒரு மருந்து, புகைக்குத் தனியாக ஒன்று என்று கலக்கிக் கொடுத்திருப்பார்களே!

மல்லிகாவிடம் இதைச் சொல்லத் திரும்பினேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் திரும்பும்போது எனக்கு வாய் ஓயவில்லை. "தேர் இருக்கு, சக்கரம் இல்ல. ராசா இருக்கான், ராச்சியம் இல்ல. தீ இருக்கு, ஊரு இல்ல. இது ஒரு படமா?"

"தீயக் காட்டாததுதான்பா நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா! உங்க பெரியப்பாவுக்கு நான் என்னத்த எழுதுவேன்? சக்கரவர்த்தி கொட்டாவி விட்டார்னு எழுதவா?"

"அவருக்கு அப்படி என்னப்பா அவசரம்?"

சொன்னேன். கல், கேமரா, ஆடி மாதம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பெரியப்பா என்றால் மாதம் ஒரு முறை வருகிற நீல நிறக் கடிதம். அதற்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு வேலை இருக்கிறது, அது போய்விடக்கூடும் என்பது அன்றுதான் அவள் காதில் விழுந்தது போலிருந்தது. பிறகு என் மடியிலிருந்து நோட்டைப் பிடுங்கினாள். "நீங்க பாத்தத நீங்க எழுதுங்க. நான் பாத்தத நான் வரைஞ்சு தரேன்" என்றாள்.

வண்டி குலுங்கக் குலுங்க வரைந்தாள். ஒரு சன்னல், ஒரு முகம். முகத்தின் ஒரு பாதியை வெள்ளையாக விட்டு, மறு பாதியில் பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தாள். இவளுக்கு இது யார் கொடுத்த கை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. சினிமா தந்த கோபத்தில் இருந்தேன்.

5

பொய் எழுதிவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். பழைய படத்தின் தேர் எனக்கு மனப்பாடம். அதையே கொஞ்சம் மாற்றி, பூண் ஒன்று சேர்த்து, தொப்பிக்கு இறகு வைத்து எழுதிவிடலாம். பதினாறு கால் என்று அடிக்கோடு போட்டுவிடலாம். ஆனால் அந்தத் தேரை என்னைவிட அண்ணனுக்கு நன்றாகத் தெரியும். முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததை வெளியே சொல்லவும் மாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

ஆகவே உள்ளதை எழுதினேன். எழுத எழுதக் கோபம் ஏறியது. படுத்த சக்கரவர்த்தி, தலையசைத்த போர், சாய்ந்த தேர், தோல்வாரைத் தின்ற ஆடு, சத்தமில்லாத தீயில் பத்து நிமிடம் சிவந்து சிவந்து நின்ற ஒரே ஒரு மூஞ்சி. "அண்ணே, எண்ணிச் சொல்ல ஒரு குதிரைகூட இல்ல. என்னால உங்களுக்கு உபகாரம் இல்லாமப் போச்சு. மல்லிகா ஏதோ கிறுக்கியிருக்கா, அதையும் வச்சிருக்கேன்" என்று முடித்தேன்.

தபால் நிலையத்தில் அதை வாங்க மறுத்தார்கள். நான் எழுதியது மடித்து ஒட்டுகிற நீலக் கடிதத்தில். அதற்குள் துண்டுத்தாள் எதுவும் வைக்கக் கூடாதாம். தடவிப் பார்த்து மல்லிகாவின் படத்தைக் கண்டுபிடித்துவிட்டார் அந்த மனிதர். படத்தை எடுங்கள், அல்லது உறையில் போடுங்கள் என்றார். உறைக்கு வேறு சன்னல், வேறு வரிசை. படத்தை எடுத்துவிடத்தான் கை போனது. கூட வந்திருந்த மல்லிகா என்னைப் பார்த்த பார்வையில் வேறு வரிசைக்குப் போனேன்.

சித்திரை போனது. வைகாசி போனது. பதில் இல்லை. ஆனி பிறந்ததும் மல்லிகா பள்ளிக்கூடம் விட்டு வந்து, புத்தகத்தை வைப்பதற்கு முன் கேட்கத் தொடங்கினாள். "பெரியப்பாகிட்டேருந்து வந்துச்சா?" பன்னிரண்டு வருடத்தில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கோ அண்ணன் ஒரு மூலையில் உட்கார்ந்து நூறு நூறாக லேபிள் எண்ணிக் கட்டுகிற காட்சி கண்ணிலிருந்து போகவில்லை. என் கடிதம்தான் அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது என்றே நினைத்தேன்.

6

ஆவணியில் ஒரு சீட்டு வந்தது. எனக்கு ஒரு பார்சல் வந்திருப்பதாகவும், அதைச் சுங்க மேசையில் நிறுத்தி வைத்திருப்பதாகவும் அதில் எழுதியிருந்தது.

போனேன். நீளமாகச் சுருட்டிய ஒரு காகிதக் குழல். அதன் மேல் அண்ணன், உள்ளே இருப்பது என்ன என்ற இடத்தில், தன் அழகான கையெழுத்தில் ஆங்கிலத்தில் பட்டாசு என்று எழுதி வைத்திருந்தார். லேபிள் என்ற வார்த்தையைச் சேர்க்கவில்லை. சிவகாசியில் அதை யாரும் சேர்ப்பதில்லை. பட்டாசு என்றால் அங்கே எல்லாமே அடங்கிவிடும்.

மேசைக்குப் பின்னாலிருந்த மலாய் அதிகாரி குழலைத் தன்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் வைத்திருந்தார். "மெர்ச்சுன்?" என்றார். வெடியா என்று கேட்கிறார்.

"இல்லை துவான், காகிதம்" என்றேன் எனக்குத் தெரிந்த மலாயில்.

"பட்டாசு என்று எழுதியிருக்கிறதே?"

"பட்டாசுக்கு மேலே ஒட்டுகிற காகிதம்."

"அப்படியானால் பட்டாசு எங்கே?"

"சிவகாசியில்."

"அது எங்கே?"

"மெட்ராஸ்" என்றேன். வேறு வழி தெரியவில்லை.

ஒரு படிவம் கொடுத்தார். நாட்டின் பெயர் மாறி இரண்டு வருடமாகிறது. படிவத்தில் இன்னும் பழைய பெயர்தான் இருந்தது. அதை அடித்துப் புதுப் பெயரை எழுதச் சொன்னார். எழுதினேன். அடித்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். வெடிமருந்துக்கு உரிமம் இருக்கிறதா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினால் பார்சல் பறிமுதல், இருக்கிறது என்று எழுதினால் உரிமத்தைக் காட்ட வேண்டும். அரை மணி நேரம் அந்த ஒரு கட்டத்தின் மேல் நானும் அவரும் குனிந்து நின்றோம். கடைசியில் அவரே அலுத்துப்போய்க் குழலைப் பிரித்தார். மேசையில் ஒரு முழுத் தாள் விரிந்தது. ஒரே லேபிள் வரிசை வரிசையாக அச்சான தாள்.

சுருண்ட ஓரங்களை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம்.

கருநீலப் பின்னணி. ஒரு படுதாவைக் கையால் விலக்கிக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். எங்கிருந்து என்று தெரியாத வெளிச்சம் அவள் முகத்தில் சிவப்பும் மஞ்சளுமாக விழுகிறது. பாதி முகம் வெளிச்சம், மறு பாதி இருட்டு. கண்ணில் பயம் இன்னும் போகவில்லை. உதடு சிரிக்கத் தொடங்கியிருக்கிறது. தீ எங்கேயும் இல்லை. கீழே மூலையில் சக்கரம் கழன்ற ஒரு சின்னத் தேர், அதன் வாரை மெல்லும் ஓர் ஆடு.

"யார் இது, நடிகையா?" என்றார் அதிகாரி.

"என் அண்ணி."

அவர் மறுபடி ஒரு தடவை பார்த்தார். படிவத்தில் முத்திரை குத்தினார்.

7

குழலுக்குள் அண்ணனின் கடிதமும் இருந்தது. அவர் எழுதியது கொஞ்சம்தான்.

"ஏலே, உன் கடுதாசியப் படிச்சு அச்சாபீசே சிரிச்சுச்சு. முதலாளி மட்டும் சிரிக்கல. உன் மக வரைஞ்ச காயிதத்த ரெண்டு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன். மூஞ்சியில மட்டும் தீ இருந்தாப் போதும்னு அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? கல்லு முடிச்சுக் காட்டினேன். தேரு எங்கலேன்னாரு முதலாளி. நீ எழுதின தேர அப்படியே மூலையில வச்சேன். குதிரை இல்லாத படத்துல கால் தப்பாதுல்ல. ஆட்டுக்கு நாலு. முதலாளியே ரெண்டு தடவ எண்ணிட்டாரு. இந்த சீசனுக்குக் கல்லு என் கையிலதான். அடுத்த வருசக் கதைய அடுத்த வருசம் பாப்போம்."

அதற்குக் கீழே, அவர் எழுத்துக்குச் சம்பந்தமில்லாத கோணல் எழுத்தில் அண்ணி எழுதியிருந்தாள்.

"தம்பி, சௌக்கியமா இருக்கீகளா. என் மூஞ்சிய அச்சடிச்சு ஊரு ஊரா வெடிக்க விடுதாரு உங்க அண்ணன். கேட்டாச் சிரிக்காரு. அன்னிக்கிக் கொட்டகையில என்னையத் திரும்பிப் பாக்கவே இல்லன்னு இத்தன வருசமா ஏசிக்கிட்டுக் கெடந்தேன். பாத்திருக்காரு தம்பி. சேலை மடிப்பு வரைக்கும் அப்படியே இருக்கு. அந்தப் பதினேழாவது கால் எப்படி வந்துச்சுன்னு இப்பந்தான் தெரியுது. வாய் தொறந்து சொல்லியிருக்கலாம்ல இந்த மனுசன்?"

மல்லிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தடவை அவளே எழுத்துக்கூட்டி வாசித்தாள். தாளைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள்.

"சன்னல் இருந்த இடத்துல படுதா. மத்ததெல்லாம் நான் வரைஞ்ச மாதிரியேதான்" என்றாள். பிறகு, "பெரியம்மா இப்படித்தான் இருப்பாங்கன்னு தெரிஞ்சிருச்சு. பெரியப்பா எப்படிப்பா இருப்பார்?" என்று கேட்டாள்.

சொல்ல வாயைத் திறந்தேன். மையேறிய விரல் நகங்கள் வந்தன. கல்லின் மேல் குனிந்த முதுகு வந்தது. காதுக்கு மேல் செருகிய பென்சில் வந்தது. முகம் வரவில்லை. எப்போதும் குனிந்தே இருந்த மனிதர். அவரை நேராக ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ள எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. அதை நானே கெடுத்துக்கொண்டேன்.

நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பிய நாள். விருதுநகர் ஸ்டேஷன். மெட்ராஸ் ரயில். மல்லிகா அவள் அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் வெளியே நின்று சன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். நான் அவர் சொன்னதைக் கேட்காமல் சன்னலோரத்திலேயே உட்கார்ந்தேன். வண்டி அசைந்தது. அவர் நிமிர்ந்தார். அந்தக் கணத்தில் என்ஜின் புகை திரும்பி வந்து என் இரண்டு கண்ணிலும் கரி விழுந்தது. தேய்த்துத் தேய்த்து நான் திறந்து பார்த்தபோது பிளாட்பாரம் முடிந்து பருத்திக் காடு ஓடிக்கொண்டிருந்தது. எதிரில் இருந்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

கையைக் கம்பியிலிருந்து எடுப்பதற்கு முன் அண்ணன் கடைசியாகச் சொன்னது இவ்வளவுதான்:

"ஏலே, சன்னலோரம் உக்காராதலே. கண்ணுல கரி விழும்."